நாலு மணிக்கு மேல் ஒரு சுற்று

சென்ற இதழில் வடாம் பிழிவதைப் பற்றி எழுதி முடிக்கும்போது, எங்கள் பழைய கார் பிரயாணங்களைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சொன்னபடி எழுதிவிடுகிறேன். சிரிக்கிற சமாசாரமும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கின சமாசாரமும் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் உள்ள வீட்டுச் சகோதரிகள் அந்த இரண்டாவதை அவசியம் படியுங்கள்.

2024-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் என் கணவர் மின்வாரிய வேலையிலிருந்து ரிடையர் ஆனார். அவருக்கு அறுபது, எனக்கு அப்போது நாற்பத்தேழு. வித்தியாசம் ஜாஸ்திதான். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டுத்தான் தனக்கு என்று இருந்தவர். கடைசி நாளன்று மாலையும் கழுத்துமாக ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வாரம் கலகலப்பாகப் போயிற்று. அதற்கப்புறம் ஆரம்பித்தது.

காலை ஏழரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். எங்கே போவது என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்து சமையலறையில் நுழைவார். "பருப்பு வெந்துடுச்சு, காஸைக் குறைக்கலாமே" என்பார். துவரம்பருப்பு டப்பாவும் கடலைப்பருப்பு டப்பாவும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று ஒரு நாள் விசாரணை. முப்பது வருஷத்துக்கு மேல் கம்பமும் கம்பியுமாக அலைந்த மனுஷர், பாவம், எதையாவது சரி செய்தாக வேண்டும் அவருக்கு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பார். விளக்கு வைக்கிற வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பையன் கோயம்புத்தூரில் வேலை, பெண் சென்னையில் ஹாஸ்டலில். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், எண்பத்து மூன்று வயது மாமியாரும்தான். அந்த நாலு மணியை எப்படித் தள்ளுவது என்று எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

அந்த சமயத்தில்தான் தெருக்கோடி வீட்டில் ஒரு மாருதி 800-ஐ விற்கிறார்கள் என்று தெரிந்தது. 2012-ஆம் வருஷத்து வண்டி. தொண்ணூறாயிரம் சொன்னார்கள். ரிடையர்மென்ட் பணத்தில் கை வைப்பதா என்று எனக்கு மனசே இல்லை. "பேங்கில போட்டு வட்டியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றியா?" என்று கேட்டார். வாங்கிவிட்டோம். இன்றைக்கும் சொல்கிறேன், வைத்திய செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டிய தொண்ணூறாயிரம் அது.

எங்கள் ஊர் கும்பகோணம். எந்தப் பக்கம் போனாலும் அரை மணியில் வயலும் வாய்க்காலும் வந்துவிடும். நாலு மணிக்குக் கிளம்பி, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புவது என்று ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாள். ஒரு தடவைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிறது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் பெட்ரோலுக்கு. அதற்காக இரண்டு பேப்பரில் ஒன்றை நிறுத்தினோம், ஹோட்டல் டிபனை நிறுத்தினோம். கணக்குக் கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கோயில் கோயிலாகப் போவோம் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ டிரான்ஸ்பார்மர் டிரான்ஸ்பார்மராகப் போனார்! சுவாமிமலை வழியாகக் கபிஸ்தலம் போகிற ரோடு, ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். நான் அகத்தி மரத்தில் கொடி ஏற்றியிருக்கிற அழகைப் பார்த்துக்கொண்டு வருவேன். (கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். தாம்பூலத் தட்டுக்கு இனி மரியாதை கூடும்.) இவர் திடீரென்று பிரேக் போட்டு, "இந்த லைன் நான் இழுத்தது. ராத்திரி ரெண்டு மணி, கொட்டற மழை" என்று ஆரம்பிப்பார். 2018-இல் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் கம்பம் நட ஒரு மாதம் போயிருந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் தூக்கினதும், ஊர்க்காரர்கள் பழைய சோறு கொண்டுவந்து கொடுத்ததும் காரில்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் பேச்சு வருவதில்லை. இரண்டு பேரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் வருகிறது. இது என்னவோ எனக்குப் புரியவில்லை, ஆனால் நிஜம்.

முதல் மாதம் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே போனோம். ஒரு நாள் கிளம்பும்போது மாமியார் திண்ணையில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் வாங்களேன் அத்தை" என்றேன். "நான் எதுக்கு அம்மாடி, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார்கள். நாலு தடவை கூப்பிட்டும் அதே பதில். மானமுள்ளவர், இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் ஒரு நாள் காதோடு சொன்னார்கள். "வழியிலே அவசரம்னா அடக்க முடியறதில்லை. ரோட்டோரத்துல உட்காரச் சொல்றியா?"

சகோதரிகளே, இதை நாம் யாருமே வாய்விட்டுப் பேசுவதில்லை. வெளியே கிளம்புகிற நாளில் வயசான பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதனால் தலைசுற்றல், மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. அத்தைக்கு முந்தின வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து சிறுநீரில் தொற்று ஏற்பட்டு, ஊசி போட்டுக்கொண்டதும் இப்படித்தான் என்று அப்போது புரிந்தது. அதிலிருந்து எந்த வழியாகப் போனாலும் கழிப்பறை எங்கே என்று பார்த்து நோட்டில் குறித்துவிட்டேன். பெட்ரோல் பங்கில் கேட்டால் கொடுக்க வேண்டும், காசு கிடையாது. சாவி இல்லை என்பார்கள், நின்று கேளுங்கள். பெரிய கோயில்களில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, முக்கால் மணிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. இன்னொன்று, மாருதியின் பின் ஸீட் பள்ளம். ஏறி இறங்க அத்தைக்கு ஒரு சின்ன மர முக்காலி எடுத்துப் போகிறேன். முதலில் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டால் இடுப்புப் பிடிப்பதில்லை. கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் உட்காராதீர்கள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி.

அத்தை வந்த பிறகு பிரயாணத்தின் ருசியே மாறிவிட்டது. அவர்களுடைய பிறந்த வீடு கொள்ளிடக்கரைக் கிராமம். பயிரைப் பார்த்ததும், இது குறுவை, இது தாளடி, இந்த வயலுக்குத் தண்ணீர் காணாது என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்த வருஷம் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். மோட்டார் இருந்தவர்கள்தான் குறுவை போட்டிருந்தார்கள். பாதி வயல் காய்ந்து கிடந்ததைப் பார்த்து, "யார் வீட்டு அடுப்போ" என்று பெருமூச்சு விட்டார்கள். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "தண்ணி வந்துச்சா தண்ணி வந்துச்சான்னு கேட்டே எண்பது வருஷம் போச்சு. அது பிரியற கல்லணையை நான் கண்ணாலே பார்த்ததில்லை" என்றார்கள். இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணம். எனக்குச் சுருக்கென்றது. மழைக்காலம் முடியட்டும், கூட்டிப் போகிறேன் என்று இவர் சொன்னார்.

அதற்கு முன்னால் அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது.

இவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. காலை ஆகாரத்துக்கு முன் ஒரு மாத்திரை. அன்று ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டார். கும்பல் தாங்கவில்லை. வீடு திரும்ப ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. களைப்பில் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மூன்றரை மணிக்கு, "அணைக்கரை வரைக்கும் போகலாமா?" என்றார். வழக்கத்தைவிடத் தூரம்தான். முகம் தெளிவாக இருக்கிறதே என்று நானும் கிளம்பினேன். என் தப்பு.

அணைக்கரையில் கொள்ளிடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டின அணை அது. அங்கே ஆற்று மீன் நன்றாக இருக்கும், புரட்டாசி ஆனதால் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திருப்பனந்தாளைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறோம். நான் ஏதோ கேட்டேன். வள்ளென்று விழுந்தார். சரி, பசி என்று பேசாமல் இருந்தேன். வண்டி ரோட்டு ஓரத்துக்கு ஓரம் போகிறது. ஓரத்தில் வாய்க்கால். "ஏங்க, பார்த்து" என்றதற்கு என்னவோ முணுமுணுத்தார், வார்த்தை குழறிற்று. கோபம் என்றுதான் நான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து அத்தை மெல்ல என் தோளைத் தொட்டு, "காத்து இப்படி அடிக்குது, அவன் கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது பாரு" என்றார்கள். பார்த்தேன். சட்டைக் காலர் தெப்பமாக இருந்தது.

நிறுத்துங்கள் என்றால் நிறுத்த மாட்டார், அந்த நிலைமையில் சண்டைக்குத்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். "ஏங்க, அத்தைக்கு வாந்தி வருதாம், ஓரமா நிறுத்துங்க" என்று பொய் சொன்னேன். அத்தையும் புரிந்துகொண்டு உவ்வே என்று ஒரு சத்தம் கொடுத்தார்கள். நிறுத்திவிட்டார். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். நல்ல வேளை, கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை. அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, கொண்டுவந்து புகட்டினேன். கை நடுங்கியதில் பாதி சட்டையில் கொட்டிற்று, இன்னொரு டம்ளர் வாங்கிவந்தேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில், "நாம எங்கே இருக்கோம்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் மகன் வண்டியை ஓட்டிக்கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனான். நன்றாக இருக்க வேண்டும் அந்தப் பிள்ளை.

மறுநாள் டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், உங்களுக்கும் உதவும். சர்க்கரை ஏறுவதைப் பற்றியே நாம் பயப்படுகிறோம், இறங்குவதுதான் உடனே ஆளைச் சாய்ப்பது. 70-க்குக் கீழே போனால் தாழ்ந்த சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரும். மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, காரணமில்லாத சிடுசிடுப்பு, கண் மங்கல், பேச்சுக் குழறல். சிடுசிடுப்பும் ஒரு அடையாளம் என்றாரே டாக்டர், அதைத்தான் நான் குணம் என்று நினைத்துவிட்டேன். உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பிஸ்கட்டும் சாக்லெட்டும் முதலில் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பினால் சர்க்கரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும். பதினைந்து நிமிஷம் கழித்துச் சோதனை செய்து, ஏறவில்லையானால் இன்னொரு தடவை. சரியானதும் இட்லியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். அந்த வகை மாத்திரையானால் அன்று ராத்திரியும் கவனமாக இருக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விரதம் இருப்பதானால் முன்கூட்டியே டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வண்டி எடுப்பதற்கு முன் சோதனை. வழியில் சர்க்கரை இறங்கி, ஏறின பிறகும் முக்கால் மணி நேரமாவது ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

இதெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாரே தவிர, மனுஷர் உடைந்து போய்விட்டார். "வண்டியை வித்துடலாம்" என்றார். மறுபடியும் திண்ணை, மறுபடியும் மூஞ்சி. பருப்பு டப்பாவைக்கூட ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தை கல்லணைப் பேச்சையே எடுக்கவில்லை. ஐப்பசி மழை முழுக்க வண்டி உறை போட்டு நின்றது.

கார்த்திகையில் ஒரு நாள் காய்கறி வாங்கப் போனவள், நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தேன். சைக்கிள் தவிர எதுவும் ஓட்டி அறியேன். நாற்பது வயது தாண்டினவர்கள் டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். எல்.எல்.ஆர். கிடைத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். எனக்கு அந்த முப்பது நாள் போதவே இல்லை. கூடக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் என் பெண் வயசு. கிளட்சை விட்டால் வண்டி தவளை மாதிரி குதிக்கும், அதுகள் பின்னால் உட்கார்ந்து சிரிக்கும். முதல் டெஸ்டில் தோற்றுப் போனேன். பையன் போனில், "அம்மா, உனக்கு எதுக்கு இந்த வயசிலே?" என்றான். "உங்கப்பாவுக்குத் தெரியாமே வச்சுக்கோ" என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒரு நாள் நான் கிளம்பும்போது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரிவர்ஸ் எடுக்கறப்போ கண்ணாடியை மட்டும் நம்பாதே" என்றார்.

மாசி மாதம் லைசென்ஸ் வந்தது. முதல் நாள் இவர் முன்னால் உட்காரவே மாட்டேன் என்று பின் ஸீட்டில் அத்தையோடு உட்கார்ந்துகொண்டார். தாராசுரம் போய் வர ஒரு மணி நேரம் ஆக்கினேன். இரண்டாம் வாரம் முன் ஸீட்டுக்கு வந்தார். வந்தது எனக்குத்தான் கஷ்டம். "கிளட்ச்சிலேருந்து காலை எடு", "ஹாரன் எதுக்கு இருக்கு?", "மாட்டைப் பாரு, மாட்டைப் பாரு." ரோட்டில் நெல் காயப் போட்டிருக்கிற இடம் வந்தால் இறங்கி முன்னால் நடந்து எனக்குச் சைகை காட்டுவார். நெல்லில் பிரேக் போட்டால் வழுக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அவரும் ஓட்டுகிறார், டாக்டர் அனுமதித்திருக்கிறார். காலையில் பக்கத்து இடத்துக்கு மட்டும், சோதனை செய்துகொண்ட பிறகு. நாலு மணிச் சுற்று என்னுடையது. முன் டப்பாவில் குளுக்கோஸ், சோதிக்கிற மெஷின், ஒரு டம்ளர், ஸ்பூன் எப்போதும் இருக்கும்.

2025-இல் மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தார்கள். கல்லணையிலும் திறந்துவிட்ட செய்தி வந்த அடுத்த வாரம் கிளம்பினோம். அன்று மட்டும் நாலு மணிச் சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, காலை எட்டு மணிக்கே. திருவையாறில் நிறுத்தி அசோகா வாங்கினேன். இவருக்கு ஒரு ஸ்பூன், அத்தைக்கு ஒரு பொட்டலம். திருக்காட்டுப்பள்ளி தாண்டியதும் காவிரி கூடவே வந்தது. கல்லணையில் அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்கள். இது காவிரி, இது வெண்ணாறு, அந்தப் பக்கம் புது ஆறு, வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் விடுவார்கள் என்று இவர் காட்டிக் காட்டிச் சொன்னார். கரிகாலன் கட்டினதென்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, "இம்புட்டுத் தண்ணி இங்கே நிக்குது, எங்கப்பா வயலுக்கு மட்டும் ஏன் வராமப் போச்சு?" என்றார்கள். எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அப்பாவின் வயல் விற்று ஐம்பது வருஷமாகிறது.

மர நிழலில் கட்டுச்சாதம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குத் திரும்பினோம். கொஞ்ச தூரம் வந்ததும் கிளட்ச்சைப் பற்றி ஒன்றும் காணோமே என்று பார்த்தால், இவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை இல்லை, சாதாரணத் தூக்கம்தான். பின்னாலிருந்து அத்தை, "நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டே வரேன். தூங்கட்டும், ஓட்டு" என்றார்கள். திருக்காட்டுப்பள்ளியில் எழுப்பி, ஃப்ளாஸ்க்கில் இருந்த காபியும் இரண்டு இட்லியும் கொடுத்தேன். கண்ணைத் திறந்ததும், "ஹேண்ட் பிரேக் போட்டியா?" என்றார்.